காபரேட்டர் காரில் துரோட்டில் சென்சர் செற் பண்ணுவது: ஒரு றேடியோக்காரனின் கொப்பியிலிருந்து

மட்டக்களப்புக் கல்லடியில் முப்பது வருஷத்துக்கு மேல் றேடியோவும் டீவியும் திருத்தினவன் நான். கார் மெக்கானிக் இல்லை. காபரேட்டரைப் பிரித்து ஜெற் ஊதுவதும் டைமிங் வைப்பதும் எனக்கு வராது. அதற்குக் காத்தான்குடியில் ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் அந்தக் காபரேட்டரின் பக்கத்தில் இரண்டு ஸ்குரூவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கறுத்தப் பெட்டி, அதாவது துரோட்டில் சென்சர், என் தொழிலைச் சேர்ந்தது. பழைய றேடியோவின் வொலியூம் கொன்ரோலும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே கரி பூசிய ஒரு பிறை, அதன்மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு நாக்கு, வெளியே மூன்று கால்கள். றேடியோவில் அதைத் திருப்புவது விரல், காரில் எக்சிலேட்டரை மிதிக்கும் கால்.

என்னிடம் இருப்பது நிஸான் சன்னி எஃப்பி13. 'டொக்டர் சன்னி' என்று சொன்னால் நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஜப்பானில் 1990இல் வந்த மொடல். எஞ்சின் ஜிஏ15டிஎஸ்: 1500 சிசி, 16 வால்வு, மேலே இரண்டு கேம் தண்டு. இவ்வளவும் இருந்தும் பெற்றோல் கொடுப்பது காபரேட்டர்தான். வெறும் காபரேட்டர் என்றும் சொல்ல முடியாது. கொம்பியூட்டர் கையைப் பிடித்து நடத்தும் காபரேட்டர். பழைய காலத்துக்கும் இன்ஜெக்ஷன் காலத்துக்கும் நடுவில் பிறந்து, இரண்டு பக்கத்து நோவும் வாய்த்த பிள்ளை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் இதை விற்கவும் மனம் வரவில்லை, விற்றுவிட்டு வேறொன்று வாங்கவும் வழியில்லை. திருத்தி ஓடப் பழகிக்கொண்டோம்.

இந்தச் சென்சர் பெற்றோலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எஞ்சினுக்குள் காற்றை விடும் துரோட்டில் தட்டு இப்போது எவ்வளவு திறந்திருக்கிறது என்று கொம்பியூட்டருக்குச் சொல்லும்; அதன் வேலை அவ்வளவுதான். சொல்வது வோல்ட் கணக்கில். தட்டு மூடியிருந்தால் சின்ன அளவு, திறக்கத் திறக்கக் கூடிக்கொண்டு போகும். காலை எடுத்துவிட்டார்களா, மெல்ல அழுத்துகிறார்களா, ஒரேயடியாக மிதித்துவிட்டார்களா என்று கொம்பியூட்டர் அதை வைத்துத்தான் பிடித்துக்கொள்கிறது. ஓடும் காரில் காலை எடுத்தால் ஸ்லோவுக்கான (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலைக்கான) பெற்றோலைக் கொஞ்ச நேரம் வெட்டும். திடீரென மிதித்தால் கலவையைத் தடிப்பாக்கும்.

சென்சர் கூட்டிச் சொன்னால் என்ன ஆகும்? கால் மிதியில் இல்லாதபோதும் இருக்கிறது என்று கொம்பியூட்டர் நம்பும். பெற்றோல் வெட்டு வேலை செய்யாது, ஸ்லோ ஒரு நிலையில் நிற்காது, செலவும் கூடும். குறைத்துச் சொன்னால், மிதிக்கத் தொடங்கும் அந்த முதல் அரை அங்குலத்தில் கார் ஒரு முறை இருமிவிட்டுத்தான் போகும். என் கார் இருமியது கல்லடிப் பாலத்தில். மருமகன்தான் ஓட்டினார். "மாமா, பாலத்துல ஊர்ந்து போகக்குள்ள இழுத்து இழுத்து விடுது, பின்னால வாறவன் ஹோன் அடிக்கான்" என்றார். பாடும் மீன் கேட்கப் பாலத்தில் வந்து நிற்பவர்கள் அன்று என் காரைத்தான் கேட்டிருப்பார்கள்.

முதலில், உங்கள் காரில் இது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் காபரேட்டர் காரிலும் இல்லை. மினி, மொறிஸ் மைனர், பழைய கொரோலா போன்றவற்றில் தேடினால் பொழுதுதான் போகும். ஏயார் கிளீனரைக் கழற்றிவிட்டு ஒருவரை எக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். காபரேட்டரின் அடிப்பகுதியில் குறுக்காகப் போகும் ஒரு தண்டு திரும்பும். அதன் ஒரு நுனியில் கம்பி இழுக்கும். மறு நுனியிலோ அதற்குப் பக்கத்திலோ, வயர் போகும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று தண்டோடு சேர்ந்து இயங்கினால் அதுதான் ஆள். மூன்று வயர் என்றால் நான் சொல்லும் வகை. இரண்டு வயர் மட்டும் என்றால் அது பெரும்பாலும் வெறும் சுவிட்ச். தட்டு மூடியிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். அதற்கு வோல்ட் கணக்குத் தேவையில்லை. மீற்றரை ஓம்ஸில் வைத்து, கால் எடுத்த நிலையிலும் மெல்ல மிதித்த நிலையிலும் சுவிட்ச் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். வட்டமான, வெக்கியூம் குழாய் செருகிய தகரக் கிண்ணம் ஒன்றும் அருகில் இருக்கலாம்; அது சென்சர் இல்லை, அதைத் தொடாதீர்கள்.

ஸ்லோ முதலில், சென்சர் கடைசியில்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். கார் ஸ்லோவில் நிற்கவில்லை என்றவுடன் சென்சரைத் திருப்பப் போகாதீர்கள். காரணத்தைப் பாஸ் எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "அண்ணன், முதல்ல சென்சரக் கிறுக்கினா, மறுகா ஸ்லோ ஸ்குரூவக் கிறுக்கக்குள்ள சென்சரும் சேந்து கிறுகும். ரெண்டு வேலை."

ஸ்லோ ஸ்குரூ தள்ளுவது துரோட்டில் தட்டைத்தான். தட்டு அசைந்தால் தண்டு அசையும். தண்டு அசைந்தால் சென்சரின் நாக்கும் அசையும். ஆகவே ஸ்லோ சரியாக நிற்கும் வரை சென்சர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அந்த ஸ்லோ சரியாக நிற்க வேண்டுமென்றால் பிளக், டைமிங், ஏயார் பில்டர் சரியாக இருக்க வேண்டும். வெடித்த வெக்கியூம் குழாய் ஒன்றும் இருக்கக் கூடாது. நம்மூர் வெயிலில் வெக்கியூம் குழாய்கள் அவல் மாதிரி நொறுங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு நாள் எல்லாக் குழாயையும் விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். பத்தில் ஐந்து 'சென்சர் பிழை' அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. பாஸைக் கேட்டால் எட்டு என்பார்.

ஆகவே எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். என் கணக்கு, கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்குப் போய்த் திரும்பும் ஒரு ஓட்டம். குளிர்ந்த எஞ்சினில் சோக், அதாவது காற்றைக் குறைக்கும் மேல் தட்டு, மூடியிருக்கும். கூடவே ஒரு படிக்கட்டு மாதிரித் துண்டு தட்டைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும், குளிரில் எஞ்சின் நிற்காமல் ஓட வேண்டுமென்று. அந்த நிலையில் சென்சரைச் செற் பண்ணினால் சூடான பிறகு எல்லாம் பிழைக்கும். சோக் தட்டு நிமிர்ந்து முழுக்கத் திறந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓஃப். பொனட்டின் உட்பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் ஸ்லோவுக்கான சுற்று எண்ணிக்கை போட்டிருக்கும். அந்த அளவுக்கு ஸ்லோவை வைத்துவிட்டுத்தான் மீற்றரை எடுக்க வேண்டும்.

வேண்டிய சாமான்

டிஜிற்றல் மல்டிமீற்றர் ஒன்று, 20 வோல்ட் அளவில். தைக்கும் குண்டூசி மூன்று. நகப்பூச்சு, மகளிடம் கேட்டால் முறைப்பாள், பேத்தியிடம் கேட்டால் தருவாள். சொக்கட்டின் கால்களைத் துலக்கும் கொன்ராக்ட் கிளீனர், பழைய பல்துலக்கி. ஊசி மீற்றர் இருந்தால் அதுவும் நல்லது. என்னிடம் ஒரு பழைய சன்வா இருக்கிறது, 2004 சுனாமிக்குப் பிறகு கடையில் மிஞ்சிய ஒரே மீற்றர். பல்ப் போட்ட டெஸ்ட் லாம்பை மட்டும் இந்த வயர்களில் வைக்காதீர்கள். பல்ப் இழுக்கும் கரண்டைக் கொம்பியூட்டரின் அந்தச் சின்ன வழி தாங்காது.

ஸ்குரூட்ரைவர் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் ஸ்குரூத் தலைகள் சிலுவை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கடையில் விற்கும் சாதாரண பிலிப்ஸ் அதில் முழுக்க இறங்காது. நழுவித் தலையை உரித்துவிடும். ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் தரம், என்று கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் முப்பது வருஷம் கிடந்த ஸ்குரூ வேறு! முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு வையுங்கள். காலையில் ஸ்குரூட்ரைவரை அதில் நிமிர்த்தி வைத்து, பின்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். சென்சரில் தட்டக் கூடாது, ஸ்குரூவில் மட்டும்.

எந்த வயர் எது

மூன்று கால்களில் ஒன்றுக்குக் கொம்பியூட்டரிலிருந்து 5 வோல்ட் வரும். ஒன்று எர்த். மற்றது சென்சரின் பேச்சு, அதாவது சிக்னல். நடுக்கால்தான் சிக்னல் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்; பல சென்சர்களில் அப்படித்தான், எல்லாவற்றிலும் இல்லை. கண்டுபிடிக்கும் வழி சுலபம். சாவியை ஓஃப் செய்து சொக்கட்டைக் கழற்றுங்கள். சென்சரின் கால்களில் இரண்டிரண்டாக ஓம்ஸ் அளந்துகொண்டு துரோட்டிலை மெல்லத் திறவுங்கள். எந்த இரண்டுக்கு இடையில் அளவு மாறாமல் நிற்கிறதோ அவை இரண்டும் ஓரக் கால்கள், கரிப் பிறையின் இரண்டு நுனிகள்; மிஞ்சியது சிக்னல். என்னுடையதில் ஓரக் கால்களுக்கு இடையில் ஏறக்குறைய 5 கிலோ ஓம் நின்றது. பிறகு சாவியை ஓன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், வயர்ப் பக்கத்துச் சொக்கட்டில் பாருங்கள்: 5 வோல்ட் நிற்பது கொடுக்கும் வயர், மற்ற ஓரம் எர்த். ஒரு குண்டூசி இன்னொன்றைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை ஓன் செய்துவிட்டு அரை மணித்தியாலம் கதை பேசாதீர்கள், பற்றரி இறங்கிவிடும்.

சொக்கட்டைக் கழற்றுவதும் பூட்டுவதும் சாவி ஓஃபில் மட்டும். திரும்பப் பூட்டிய பிறகு, சொக்கட்டின் பின்பக்கத்தில் வயர் நுழையும் இடத்தில் ரப்பரோடு ஒட்டி குண்டூசியை மெல்லச் செருகினால் உள்ளே உலோகத்தில் படும். வயரின் தோலைக் குத்தி ஓட்டை போடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் போய், அடுத்த மாரிக்குள் உள்ளே செம்பு பச்சையாகிவிடும்.

நான் ஏமாந்த இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் கார் வைத்திருக்கிற எவருக்கும் இது வரும்.

கார் நன்றாக ஓடிய காலத்தில் ஒரு நாள் சும்மா மீற்றர் வைத்துப் பார்த்து, கால் எடுத்த நிலையில் 0.48 வோல்ட் என்று சீ.ஆர். கொப்பியில் எழுதியிருந்தேன். றேடியோ திருத்துகிறவனுக்கு அது ஒரு பழக்கம். நல்லாயிருக்கும் செற்றில் வோல்ட் எழுதி வைத்தால்தான் கெட்டுப்போன செற்றில் எதைத் தேடுவதென்று தெரியும். பிறகு ஒரு மார்கழி மழைக்குப் பின் ஸ்லோ ஏறி இறங்கத் தொடங்கியது. மீற்றரின் கறுப்பு வயரைப் பற்றரி நெகட்டிவில் கவ்வி, சிவப்பைச் சிக்னலில் வைத்தேன். 0.71. 'ஆகா, சென்சர் நகர்ந்துவிட்டது' என்று ஸ்குரூவைத் தளர்த்தி, 0.48 வரும் வரை திருப்பி இறுக்கினேன். பழைய இடத்துக்கு ஒரு அடையாளம்கூடப் போடவில்லை. கார் சந்தோஷமாக ஓடியது. பத்து நாள்.

அந்தப் பத்தாவது நாள்தான் வேறு வேலைக்காகச் சொக்கட்டைக் கழற்றினேன். எர்த் காலில் பச்சைக் களிம்பு. கிளீனர் அடித்துத் துலக்கிப் பூட்டினேன். அடுத்த நாள் மருமகன் பாலத்தில் நின்று போன் பண்ணினார்.

மீற்றரை வைத்தால் 0.26. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலிலேயே சென்சர் நகரவில்லை. களிம்பு பிடித்த எர்த் காலில் ஏறக்குறைய 240 ஓம் தடை உட்கார்ந்திருந்தது. அதனால் சென்சரின் 'பூச்சியம்' என்ற தரையே 0.23 வோல்ட் உயர்ந்து நின்றது. 0.71இல் 0.23ஐக் கழித்தால் 0.48. சென்சர் தன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. தரை உயர்ந்ததற்கு நான் ஆளைக் குனிய வைத்தேன். தரை பழைய இடத்துக்குப் போனபோது ஆள் குழிக்குள் போய்விட்டார். முப்பது வருஷம் எர்த் பிழை தேடியவன், சொந்தக் காரில் அதைப் பார்க்கவில்லை. மனைவி இதை இப்போதும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆகவே சென்சரைத் திருப்புவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். சாவி ஓன், சொக்கட் பூட்டியபடி, மீற்றரின் கறுப்பைப் பற்றரி நெகட்டிவிலும் சிவப்பைச் சென்சரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.05க்குக் கீழே இருந்தால் நல்லது. என்னுடையதில் இப்போது 0.02. அதற்கு மேல் ஏறினால் சென்சரை விட்டுவிடுங்கள். சொக்கட்டைத் துலக்குங்கள், கால்கள் தளர்ந்திருந்தால் மெல்லக் கவ்வ வையுங்கள். களிம்பு வயரின் தோலுக்குள்ளேயும் ஏறியிருந்தால் செம்பு கறுத்துப்போயிருக்கும். நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டி, புது வயர் பற்ற வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஷ்ரிங் குழாய் போடுங்கள். அதே போல 5 வோல்ட் வயரையும் பாருங்கள். என்னுடையது 4.98. அது 4.5 என்று நின்றால் சென்சர் பாவம், கிடைத்ததைத்தான் பங்கு போட்டுக் கொடுக்கும்.

திருப்புவது

அளவு எத்தனை வேண்டும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. 5 வோல்ட் சென்சர்கள் பலவற்றில் தட்டு மூடிய நிலையில் அரை வோல்ட் அக்கம்பக்கம் நிற்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே சட்டம் இல்லை. மிட்சுபிஷியின் கொம்பியூட்டர் காபரேட்டர்கள் சிலவற்றுக்குக் கையேட்டிலேயே கால் வோல்ட், 0.25, என்றுதான் இருக்கிறது; அதுவும் ஸ்லோ ஸ்குரூக்களைப் பின்னுக்கு எடுத்து, தட்டை முழுக்க மூடவிட்டு அளக்கும் அளவு. அதில் போய் என்னுடைய 0.48ஐ வைத்தால் கார் கெட்டுப்போகும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கும் எண்ணும், அதை எந்த நிலையில் அளக்கச் சொல்கிறார்கள் என்பதும் இரண்டும் வேண்டும். என் 0.48 என் காரின் எண், ஸ்லோ ஸ்குரூ தன் இடத்தில் இருக்க எடுத்தது.

முதலில் நகப்பூச்சால் சென்சரின் உடலையும் காபரேட்டரின் உடலையும் தொட்டு ஒரு கோடு போடுங்கள். காயட்டும். ஒன்றுமே சரிவராவிட்டால் வந்த வழியே திரும்பலாம்.

இரண்டு ஸ்குரூவையும் முழுக்கக் கழற்றாதீர்கள். விரலால் தள்ளினால் சென்சர் இறுக்கமாக நகர வேண்டும், தானாக ஆடக் கூடாது. அந்த அளவுக்குத் தளர்த்தினால் போதும். ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கும், அதற்குள் கொஞ்சம்தான் இடம். சாவி ஓன், எஞ்சின் ஓஃப், மீற்றர் சிக்னலில், கறுப்பு பற்றரி நெகட்டிவில். இப்போது மெல்லத் திருப்புங்கள். அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலே எண் ஓடும். எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்பது காருக்குக் கார் மாறும். ஒரு துளி நகர்த்தினால் மீற்றரே சொல்லிவிடும்.

இறுக்கும்போது எண் நகரும். இது பலருக்குத் தெரியாது. சரியாக வைத்து இறுக்கினேன், இப்போது பிழையாகக் காட்டுகிறதே என்று தலையைப் பிய்ப்பார்கள். ஸ்குரூ திரும்பும் திசையில் சென்சரும் ஒரு மயிரிழை இழுபடும். என்னுடையதில் 0.46இல் வைத்து, இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் 0.48இல் வந்து நிற்கும். உங்களுடையது எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு அதற்கேற்ப முன்கூட்டியே விட்டுக்கொடுங்கள். பிளாஸ்ரிக் உடம்பு, பலத்தைக் காட்டினால் காது உடையும்.

பிறகு எக்சிலேட்டரை நாலைந்து முறை மிதித்து விடுங்கள், டப்பென்று விடுங்கள். எண் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு முறை 0.48, மறு முறை 0.55 என்றால் சென்சரைத் திட்டாதீர்கள். கம்பி இறுகியிருக்கலாம், தட்டைச் சுற்றி அழுக்குப் பிடித்திருக்கலாம், தண்டு தேய்ந்து ஆடலாம். தண்டு ஆட்டம் பாஸின் வேலை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்லோவிலும் ஒருதரம் பாருங்கள். சில கார்களில் எஞ்சின் நிற்கும்போது வெக்கியூம் இல்லாததால் ஒரு கிண்ணம் தட்டைச் சற்றுத் திறந்து பிடித்திருக்கும்; ஓடும்போது விட்டுவிடும். இரண்டு எண்ணும் நன்றாக வேறுபட்டால், மேலே நான் தொட வேண்டாம் என்ற அந்தக் கிண்ணத்தைச் சந்தேகியுங்கள், அல்லது சோக் இன்னும் முழுக்க விடவில்லை. ஓடும் எஞ்சினில் கை வைக்கும்போது மீற்றர் வயரும் சாரத்தின் நுனியும் பெல்ற்றுக்கும் ஃபானுக்கும் தூரத்தில் இருக்கட்டும். கரண்ட் ஃபான் சொல்லிவிட்டுச் சுழலாது.

கரி தேய்ந்திருந்தால்

மூடிய நிலையின் எண் சரியாக இருந்தும் கார் இருமினால், கரிப் பிறை தேய்ந்திருக்கக்கூடும். றேடியோவில் வொலியூமைத் திருப்பும்போது ஒரு இடத்தில் மட்டும் கரகர என்று கேட்குமே, அதே நோய். மட்டக்களப்பு டவுனுக்குள் ஓடும் காரின் கால் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும், மூடிய நிலைக்குச் சற்று மேலே. நாக்கு அந்த ஒரே துண்டில் வருஷக்கணக்காக உரசினால் கரி போகாமல் என்ன செய்யும்?

சாவி ஓனில், எஞ்சின் ஓஃபில், துரோட்டிலை நத்தை வேகத்தில் திறவுங்கள். எண் ஒரு தடங்கலுமில்லாமல் ஏறி, முழுக்கத் திறக்கும்போது 4 வோல்ட்டுக்கு அக்கம்பக்கம் போக வேண்டும். டிஜிற்றல் மீற்றர் சின்ன வெட்டுகளைத் தவறவிடும். அது எண்ணைக் கணக்குப் பார்த்துக் காட்டுவதற்குள் வெட்டு வந்து போய்விடும். ஊசி மீற்றரில் ஊசி ஒரு துடிப்புத் துடிக்கும். அதனால்தான் அந்த சன்வாவை இன்னும் வைத்திருக்கிறேன். றேடியோ வொலியூமுக்கு நாங்கள் கிளீனர் அடித்துச் சமாளிப்போம். இது மூடி ஒட்டிய பெட்டி, உள்ளே எதையும் அடிக்காதீர்கள். தேய்ந்த கரி திரும்ப முளைக்காது. சென்சரை மாற்ற வேண்டும்.

புதுசு கிடைப்பது கஷ்டம். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி விட்டால் கழற்றிய சாமான் கிடைக்கும். பழையதைக் கையில் கொடுத்து விடுங்கள், போனில் படம் அனுப்பி நம்பாதீர்கள். ஸ்குரூ ஓட்டை, சொக்கட், ஓரக் கால்களின் ஓம்ஸ், எந்தப் பக்கம் திருப்பினால் கூடுகிறது என்பது: நாலும் பொருந்த வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் மறந்துவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்பக்கம் வேலை செய்யும் சென்சர் ஒன்றை வாங்கி வந்து, மிதிக்க மிதிக்க எண் குறைவதை வாய் பிளந்து பார்த்தவர் எனக்குத் தெரிந்தவர்.

புதிதாகப் பொருத்தும்போது தண்டின் நாக்குச் சென்சரின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். கொஞ்சம் திருப்பி வைத்து, ஸ்பிரிங் மெல்லத் தள்ளும் நிலையில் ஸ்குரூவைப் பிடிக்க வேண்டும். நாக்கு பிழையான பக்கத்தில் விழுந்தால் எண் அசையாது. அதைவிட மோசம், துரோட்டில் திறந்தபடி சிக்கிக்கொள்ளும். பூட்டியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெடலை மிதித்து விட்டுப் பாருங்கள். தட்டு டக்கென்று தானாக மூட வேண்டும். மூடாத காரை வீதிக்கு எடுக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் பற்றரி நெகட்டிவை ஒரு பத்து நிமிஷம் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டுவேன், கொம்பியூட்டர் பழைய கதையை மறக்கட்டும் என்று. எல்லாக் காருக்கும் அது தேவையில்லை. செய்தால் நட்டமுமில்லை, றேடியோவின் ஸ்டேஷன்கள் அழியும் என்பதைத் தவிர. பிறகு ஓட்டிப் பாருங்கள். வெறும் வீதியில் பறப்பது பரீட்சை இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் டவுனுக்குள் ஊர்ந்து, நின்று, மீண்டும் மெல்லக் கால் வைத்து எடுப்பதுதான் பரீட்சை. அங்கே இருமாவிட்டால் படுவான்கரைப் பக்கம் ஒரு சுற்று. நீளமான வெளியில் காலை எடுத்துவிட்டு, கார் இழுத்துப் பிடிக்காமல் ஒழுங்காக வேகம் இறங்குகிறதா, நின்றதும் ஸ்லோ தன் இடத்தில் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள்.

என் கொப்பியில் இப்போது ஒரு பக்கம் முழுக்க இதற்கென்று இருக்கிறது: திகதி, மூடிய நிலை, முழுக்கத் திறந்த நிலை, எர்த், 5 வோல்ட். ஒவ்வொரு வருஷமும் தை பிறந்து, மழை ஈரம் காய்ந்த பிறகு ஒருமுறை அளந்து எழுதுவேன். சென்சரில் பேத்தியின் ரோஸ் நிறக் கோடு இருக்கிறது. போன முறை சேர்விஸுக்கு விட்டபோது கராஜில் புதிதாகச் சேர்ந்த பொடியன் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது என்ன, கண்ணூறு படாம இருக்கப் பூசினதா?" என்று கேட்டான். ஓம் தம்பி என்றேன்.